அசுரர்க்கும் மதியுண்டு

போரைப் போல் மனிதனைத் துன்புறுத்தியது வேறொன்றில்லை. ஆயினும் அப்போரையே பலகையிலும் களரியிலும் விளையாட்டாக ஆடிப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சதுரங்கம் அவ்வழக்கத்தின் மூத்த பிள்ளை எனலாம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் 64 கட்டங்களில் நிறுத்தி, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் வெற்றி தோல்வி காணும் அவ்வாட்டத்தின் பிறப்பைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று எமது ஈழநாட்டைப் பற்றியது. கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ், 1790இல் வெளிவந்த தமது கட்டுரையில் அதனைக் குறிப்பிடுகின்றார். இராமனின் சேனை இலங்கை மாநகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், இராவணனின் மனைவி தன் கணவனுக்குப் பொழுதுபோக்காகப் போரின் சாயலாகிய இவ்வாட்டத்தை ஆக்கினாள் என்பது அக்கதை.

இது வரலாறு அன்று; செவிவழிக் கதையே. ஆயினும் கதை கட்டியோரின் உள்ளத்தை இது காட்டுகின்றது. இராவணனை வெறும் மூர்க்கன் என்று அவர்கள் எண்ணியிருந்தால், அவன் முன்னே சதுரங்கப் பலகையை விரித்திருப்பார்களா? மதியாட்டம் மதியுள்ளவனுக்கே உரியது. பகைவன் பாத்திரத்தை ஏற்று ஆடுபவன், அவனுடைய வாளை மட்டுமன்றி மதியையும் ஏற்று ஆடல் வேண்டும் என்பதே நாம் ஈண்டு கூற விழைவது. இவ்வுண்மையை மேலைநாட்டார் ஒரு புது விளையாட்டின் வாயிலாக அண்மையிற் கண்டனர். எம் முன்னோரோ புராணத்திலும் கூத்திலும் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தனர்.

முதலில் மேலைநாட்டு வரலாற்றைப் பார்ப்போம். பிரசியா நாட்டில் வொன் றைஸ்விற்ஸ் என்பார் 1812இல் ஒரு போர்விளையாட்டை அரச குடும்பத்தார்க்குக் காட்டினார். படையதிகாரியாயிருந்த அவர் மகன் 1824இல் அதனைத் திருத்திப் படைத்தலைவர்க்கு ஏற்ற பயிற்சியாக்கினார். சதுரங்கத்தில் இரு திறத்தாரும் ஒருவர் காயை மற்றவர் காண்பர். இவ்விளையாட்டிலோ எதிரி எங்கே நிற்கின்றான் என்பது தெரியாது. இரு பக்கத்தையும் அறிந்தவர் நடுவர் ஒருவரே. ஆகவே, ‘நான் அவனாயிருந்தால் எங்கே மறைந்திருப்பேன்?’ என்று எண்ணிப் பார்க்காதவன் வெல்ல முடியாது. எதிரியின் உள்ளத்துட் புகுந்து பார்க்கும் கலை அங்கே பாடமாயிற்று.

இவ்வழியிலே வந்த ஒரு கிளைதான் 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு. இதனை அறியாத பெரியோர்க்காகச் சிறிது விளக்குவோம். சிலர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பர். கடதாசி, பென்சில், பல முகங்கள் கொண்ட பகடைகள் ஆகியவையே கருவிகள். ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ, முனிவனாகவோ, கள்வனாகவோ தம்மைப் பாவித்துப் பேசுவர். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துவார். கதையைச் சொல்பவரும் அவரே. குகையும் காடும் அரசனும் வழிப்போக்கனும் அவரே. வீரரை எதிர்க்கும் பூதங்களும் அரக்கரும் அவரே. எங்கள் கூத்தின் அண்ணாவியார் களரியில் நில்லாமல் மேசையில் இருந்துகொண்டு, எதிர்ப்பாத்திரங்கள் அனைத்தையும் தாமே ஆடுவதாக எண்ணிக்கொண்டால் பெரிதும் பொருந்தும்.

இவ்விளையாட்டில் நெடுநாளாக ஒரு குறை இருந்து வந்தது. பல மேசைகளில் அரக்கர் என்போர் வெட்டுப்படுவதற்காகவே நிற்கும் வாழைமரங்களாயினர். வீரன் வருவான், அரக்கன் நேரே பாய்வான், பகடை உருளும், அரக்கன் வீழ்வான். இதில் வீரனுக்கு என்ன பெருமை? இக்குறையைச் சுட்டிய கதையொன்று 1987 நவம்பரில், ‘டிராகன்’ என்னும் சஞ்சிகையில், அதன் ஆசிரியர் றொஜர் மூர் எழுதிய தலையங்கத்தில் வந்தது. டக்கர் என்னும் ஆட்ட நடத்துநர், அவ்விளையாட்டிலே மிக எளியனவாகிய கோபோல்ட் என்னும் குட்டிப் பூதங்களைக் கொண்டு பெருவீரர்களை ஓடச் செய்தாராம். அவை நேரே வந்து மோதவில்லை. சுவர்த் துளைகளின் பின்னே மறைந்து நின்றன. ஒடுக்கமான வழிகளில் தீயை மூட்டின. பின்வாங்கும் வழியையும் அடைத்தன. பூதங்களின் வலிமை சிறிதும் கூடவில்லை. மதி மட்டுமே கூடிற்று. வீரர்களோ, இவற்றிடம் சிக்குவதிலும் ஆழத்தில் உள்ள பெரும் பேய்களிடம் செல்வது நன்று என்று எண்ணும் நிலைக்கு வந்தனர்.

பின்னர் 2019இல் கீத் அம்மன் என்பவர், அரக்கர் தாம் செய்வதை அறிந்தே செய்கின்றனர் என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார். அவர் கூறும் நெறி எளியது. ஒவ்வோர் உயிரும் வாழ விரும்புகின்றது. தன் பலம் எது, பலவீனம் எது என்பதை அது அறியும். அறிவு மிக்கது திட்டம் வகுக்கும்; தன் கூட்டத்தோடு இணைந்து பொரும். விவேகம் மிக்கது எந்தப் போரைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்து கொள்ளும். காயம் மிகுந்தால் பெரும்பாலானவை ஓடும். சில மட்டும் தம் இயல்பின் காரணமாகச் சாகும்வரை நிற்கும். சுருங்கக் கூறின், போர்முறை இயல்பிலிருந்து பிறக்கின்றது.

இவ்விளையாட்டில் எமது இராட்சதனும் இடம்பெற்றுள்ளான். 1977இல் வந்த ‘மொன்ஸ்டர் மனுவல்’ என்னும் அதன் நூலில், அவன் புலித்தலையோடு, புகைக்குழாய் பிடித்தவனாகச் சித்திரிக்கப்பட்டுள்ளான். புகைக்குழாயைக் கண்டு எம் பாட்டிமார் நகைக்கக்கூடும். ஆனால் அவனுக்குக் கொடுக்கப்பட்ட ஆற்றலைப் பாருங்கள். எதிரே வருபவன் மனத்தை அவன் அறிவான். அவன் யாரை நம்புவானோ அவர் உருவிலே தோன்றுவான். மாரீசன் பொன்மானாய் வந்ததும், இந்திரசித்து மாயா சீதையை வெட்டி வானரசேனையைக் கலங்கச் செய்துவிட்டு, அவ்விடைவேளையில் நிகும்பலை வேள்விக்குச் சென்றதும் எமக்குத் தெரிந்தவை அல்லவா? எதிரியின் அன்பு எங்கே இருக்கின்றதோ அங்கே அடிக்கும் சூழ்ச்சி அது. கடல் கடந்து சென்றபோதும் இராட்சதன் தன் மதியைக் கைவிடவில்லை.

நிற்க, எமது கந்தபுராணத்துக்கு வருவோம். சூரபதுமன், சிங்கமுகன், தாரகன் என்னும் மூவரையும் முறையே ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களாகச் சைவ சித்தாந்திகள் விளக்குவர். இவ்விளக்கத்தை வெறுந் தத்துவமாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அம்மூவரும் போர் செய்யும் முறையை இதனோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் அருமை புலப்படும்.

மாயையாகிய தாரகன் எவ்வாறு பொருதான்? கிரவுஞ்ச மலையைத் துணையாகக் கொண்டான். அவன் அதனுட் புக, தொடர்ந்து சென்ற வீரவாகு தேவரும் சேனையும் வழி தெரியாது மயங்கினர். வழியை மறைப்பதே மாயையின் தொழில். கன்மமாகிய சிங்கமுகனின் தலைகளும் கைகளும் வெட்ட வெட்ட முளைத்தன. செய்த வினை அறுக்க அறுக்கத் தளிர்ப்பது போன்றதன்றோ இது! ஆணவமாகிய சூரனோ உருவத்துக்கு மேல் உருவம் எடுத்தான். கடலாய்ப் பொங்கினான், இருளாய்ச் சூழ்ந்தான், ஈற்றில் மாமரமாய் நின்றான். ஆணவத்தை இருள் என்பதும், அது எத்தனை வேடத்திலும் வரும் என்பதும் சித்தாந்தம். எனவே, அம்மன் 2019இல் எழுதிய நெறியைக் கச்சியப்ப சிவாசாரியார் தம் காவியத்தில் முன்பே நடத்திக் காட்டியுள்ளார் எனல் மிகையாகாது.

இன்னுமொன்று. அசுரர் எல்லோரும் ஒரே குரலிற் பேசவில்லை. சிறையிலிருக்கும் தேவரை விட்டுவிடுமாறு சிங்கமுகன் தமையனுக்கு அறிவுரை கூறினான். ஏற்கப்படாதபோது, தமையனுக்காகப் போர்க்களம் புகுந்தான். சூரனின் மைந்தன் பானுகோபன், எதிர்நின்று வெல்ல இயலாமை கண்டு, பாட்டியாகிய மாயையிடம் சென்று புதுப்படை பெற்று மீண்டான். அவனும் முடிவில் தந்தைக்கு நல்லுரை சொன்னவனே. மற்றொரு மைந்தன் இரணியன், தந்தை அழிவது உறுதி என்று உணர்ந்தான். எல்லோரும் மாண்டால் தந்தைக்கு ஈமக்கடன் செய்ய எவர் உளர் என்று எண்ணி, மீனுருக் கொண்டு கடலில் மறைந்தான். கோழை என்று அவனை இகழ எமக்கு மனம் வருமா? ஒருவன் விசுவாசத்தால் நின்றான்; ஒருவன் உபாயம் தேடினான்; ஒருவன் கடமைக்காக ஓடினான். மூவருக்கும் மூன்று நியாயங்கள்.

மிசன் பாடசாலைகளிலே ஆங்கில இலக்கியம் கற்ற எம்மவர் மில்ரனின் ‘பரடைஸ் லொஸ்ற்’ காவியத்தை அறிவர். 1667இல் வெளிவந்த அக்காவியத்திலும், வீழ்ந்த தூதர் சபை கூடி, மீண்டும் போரா, அடங்கியிருத்தலா, சூழ்ச்சியா என்று வாதிடுகின்றனர். அச்சபையை வியந்து படித்த நாம், சூரனின் மந்திராலோசனையையும் அதே வியப்போடு படித்தல் வேண்டும்.

எமது வாவிக் கரையின் கூத்து மரபும் இதற்குச் சான்று பகரும். வடமோடிக் கூத்தில் துரியோதனன் கோமாளியாக வருவதில்லை. தனக்குரிய வரவுத் தாளத்துக்கு ஆடி வருவான், கொலுவிருப்பான், மந்திரியை வினவுவான், தன் வழக்கைத் தானே பாடுவான். அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அப்பாத்திரத்துக்கு நல்ல குரலும் உரமான ஆட்டமும் உள்ளவனையே தேடுவார். விடிய விடிய ஆடும் கூத்தில் பகைவன் சோர்ந்தால் கூத்தே சோர்ந்துவிடும் என்பது அவர் அனுபவம். இம்மரபின் வழியிலேதான், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களின் நடுப்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘இராவணேசன்’ என்ற வடமோடி நாடகத்தை மேடையேற்றினார். அதில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பின் மைந்தர் சி. மௌனகுரு. அங்கே இராவணன் பத்துத்தலைப் பூதமாக அன்றி, தன் வீரத்தாலும் தன் செருக்காலும் வீழ்கின்ற பெருமகனாகத் தோன்றினான்.

கந்தசஷ்டியின் சூரன் போரிலும் இதனைக் காணலாம். தோளில் சூரனைச் சுமந்து ஆட்டும் இளைஞர் அவனை முன்னும் பின்னும் ஓடச் செய்வர். திரும்பிப் பார்க்கச் செய்வர். ஒருபுறம் பதுங்கி மறுபுறம் பாயச் செய்வர். தலைகள் மாறும்தோறும் ஆட்டமும் மாறும். சூரனை நன்றாக ஆட்டினாலன்றி வேலின் பெருமை விளங்காது.

இங்கே பெரியோர் சிலர் ஓர் ஐயம் எழுப்பலாம். அசுரனின் மதியை இவ்வாறு போற்றினால் இளைஞர் அவன் வழியிற் செல்லமாட்டார்களா என்பது அவ்வையம். புறக்கணிக்கத்தக்கதன்று அது. ஆனால் புராணமே அதற்கு விடை கூறுகின்றது. சூரன் மதியின்மையால் வீழவில்லை. மதி இருந்தும் வீழ்ந்தான். முருகன் பேருருவைக் கண்டபோது ஒரு கணம் அவனுக்கு ஞானம் பிறந்தது. மறுகணம் ஆணவம் அதை மூடிற்று. பகைவனை மூடனாகக் காட்டினால், ‘நான் மூடனல்லன், ஆகவே எனக்கு ஆபத்தில்லை’ என்று இளைஞன் எண்ணிவிடுவான். மதியுள்ளவனாகக் காட்டினால்தான், ‘இத்தனை அறிந்தவனும் வீழ்ந்தானே; நான் எம்மாத்திரம்?’ என்று தன்னை நோக்குவான். பரீட்சையிற் சித்தியடைந்து பட்டம் பெறவிருக்கும் எம்போன்றோர்க்கு இப்பாடம் மிக வேண்டியது.

இது விளையாட்டோடும் கூத்தோடும் முடியும் செய்தியன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தை இந்நாடு கண்டது. எழுவான்கரையும் படுவான்கரையும் அதன் வடுக்களை இன்றும் தாங்குகின்றன. அக்காலத்தில் எல்லாத் திறத்தாரும் மற்றவரை அறிவற்றவர், இரக்கமற்றவர், பேசிப் பயனில்லாதவர் என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். தமிழூரும் முஸ்லிமூரும் அடுத்தடுத்து இருக்கும் எமது கரையிலே அப்பேச்சு விளைத்த கேடு சிறிதன்று. எதிரே நிற்பவனுக்கும் அச்சம் உண்டு, ஆசை உண்டு, தாய் தந்தையர் உண்டு, அவன் செயலுக்கு அவன் கருதும் காரணம் உண்டு. அதனை அறிதல் அவன் செய்த தீமையை மன்னித்து விடுதலாகாது; நீதி கேட்பதைக் கைவிடுதலும் ஆகாது. ஆனால் அவ்வறிவு இல்லாதவன் போரிலும் தோற்பான், சமாதானத்திலும் தோற்பான்.

ஆகவே சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். மேசை விளையாட்டானாலும் கூத்தானாலும் சொற்போரானாலும், எதிர்ப்பக்கத்தை ஆடும் முறை வருமானால் அதை இழிவென்று தட்டிக் கழியாதீர்கள். அப்பாத்திரத்தின் நியாயத்தைத் தேடிப் பிடியுங்கள். அவன் எதை அஞ்சுகின்றான், எதற்காக நிற்கின்றான், எப்போது ஓடுவான் என்று எண்ணிப் பாருங்கள். பெரியோரும், சூரனை ஆட்டும் பிள்ளையைப் பார்த்து நகையாமல், அவன் செய்வதும் ஒரு திருப்பணி என்று ஊக்குதல் வேண்டும்.

வேல் பிளந்த மாமரத்தின் ஒரு கூறு மயிலாயிற்று. மறு கூறு சேவலாயிற்று. முருகப்பெருமான் ஒன்றை வாகனமாகவும் மற்றொன்றைக் கொடியாகவும் ஏற்றார். சூரனின் ஆற்றல் அழிக்கப்படவில்லை, திருப்பப்பட்டது. பகைவனிடத்தில் ஏற்கத்தக்கது ஒன்றுமில்லை என்று எண்ணியவர்க்கு இம்முடிவு விளங்காது.