கிளிக்குஞ்சு வளர்ப்பு

கிளிக்குஞ்சு வளர்ப்பு என்பது பொந்திலிருந்து எடுத்த குஞ்சுக்குக் கையால் இரையூட்டி வீட்டுப் பறவையாக ஆளாக்கும் பழைய வழக்கம். தமிழகம் முழுவதும் இருந்த இவ்வழக்கம் திருத்துறைப்பூண்டி உள்ளிட்ட காவிரிப் படுகையிலும் இருந்தது. வளர்க்கப்பட்டது பெரும்பாலும் செந்தார்ப் பைங்கிளி.

கதிர் முற்றும் காலத்தில் கிளிகள் கூட்டமாக இறங்கி நெற்கதிரைக் கத்தரித்துச் செல்லும். உழவர்கள் தகரம் தட்டி விரட்டுவர். விரட்டிய வீட்டுத் திண்ணையிலேயே கூண்டுக்கிளிக்கு நெல் வைத்ததும் உண்டு. தினைப்புனத்தில் மகளிர் தட்டை, தழல் முதலிய கருவிகளால் கிளி ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டு கூறுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிகள் வளர்ந்த இடம் இன்றும் கிளிக்கூட்டு மண்டபம் என்றே வழங்குகிறது.

இக்கிளி கூடு கட்டுவதில்லை; மரப்பொந்தில் முட்டையிடும். படுகையில் மொட்டைத் தென்னையும் மொட்டைப் பனையும் அதற்கு ஏற்றவை. 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். சுமார் 3 வாரத்தில் குஞ்சு பொரியும். பறக்க மேலும் 6, 7 வாரம் ஆகும். மரமேறத் தெரிந்தவர்கள் இறகு முளைத்து முடியுமுன்பே குஞ்சை எடுத்துவிடுவர். அந்த வயதில் ஊட்டும் கையைக் குஞ்சு பெற்றோராகக் கொள்ளும். பறக்கக் கற்றபின் பிடித்த கிளி அவ்வளவு எளிதில் பழகாது. அப்படிக் கையில் வளர்ந்தது பின்னர் காட்டில் இரைதேடத் தெரியாமல் தவிக்கும் என்பதை அக்காலத்தில் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊட்டும் முறை

பொட்டுக்கடலை மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்தும், சோற்றைக் குழைத்தும் சிறு கரண்டியால் ஊட்டுவர். சிலர் பால் சேர்ப்பர். பறவைக்குப் பால் செரிக்காது. கழுத்தடியிலுள்ள தீனிப்பை நிரம்பியதும் நிறுத்த வேண்டும். அது வடிந்தபின்பே அடுத்த வேளை. ஆறிய உணவு பையில் தேங்கிப் புளிக்கும், சூடு மிகுந்தால் பையே வெந்துவிடும். மூச்சுக்குழல் நாக்கின் பின்புறமே திறப்பதால், அவசரமாக ஊற்றும் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். இறகில்லாத உடம்பு தன் சூட்டையும் காத்துக்கொள்ளாது. பழக்கமில்லாத கைகளில் குஞ்சுகள் இறப்பதற்கு இவையே வழக்கமான காரணங்கள்.

சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1990களின் தொடக்கத்தில் வந்த வணிகத் தடையும் நாட்டுக்கிளி விற்பனையைக் குற்றமாக்கின. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் (நடைமுறை 1.4.2023) இக்கிளியை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில் ஒரு கிளி சோதிடரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது செய்தியானது.

இன்று கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். 1840இல் ஜான் கூல்டு அதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு இத்தடை பொருந்தாது.

பட்டுப்போன தென்னையை வெட்டும்போது கிளிக்குஞ்சுகள் தரைக்கு வருவதுண்டு. மனிதர் தொட்டதைத் தாய்ப்பறவை சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. பொந்து எஞ்சியிருந்தால் குஞ்சை அதிலேயே வைத்துவிடலாம். இல்லையெனில் கதகதப்பாக ஒரு பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.