வில்லும் அச்சும்: சென்னை மண்ணில் உருவான ஒரு காரின் வரலாறு

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், கைமுறுக்கினாலும் தறி நெசவினாலும் பெயர் பெற்று விளங்கும் ஆட்டையாம்பட்டி, சமவெளியில் அமைந்த ஊரேயாயினும், பிரசித்தி பெற்ற மலைப்பாதைகள் இரண்டுக்கு நடுவே இருக்கும் பாக்கியத்தைப் பெற்றது. வடக்கே சேலத்தைக் கடந்தால், சேர்வராயன் மலைமீது ஏற்காட்டுக்கு ஏறும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளோடு காத்திருக்கிறது. தென்கிழக்கே நாமக்கல் ஜில்லாவில் கொல்லிமலைப் பாதை 70 வளைவுகளோடு நிற்கிறது. கார் ஓட்டுவதையே ஒரு கலையாகப் பாவிக்கும் அன்பர்கள் இவ்விரு மலைகளையும் நாடி வருவதன் காரணம், எஞ்சினின் பலத்தை அளக்க நேர்ப்பாதை போதுமென்றாலும், சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே யந்திர சிற்பி வைத்த பிணைப்பின் குணாகுணங்களை அளக்க வளைவே உரைகல் என்பதுதான். சஸ்பென்ஷன் என்று நாம் வழங்கும் அந்தப் பிணைப்பின் சரித்திரத்தில், சென்னைக்கு அருகில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் எளிய கார் ஒன்றுக்கு, உலகத்துப் பந்தயக் கார்களோடு சேர்த்து எண்ணத்தக்க ஓர் இடம் உண்டு.

அந்தச் சரித்திரத்தைக் காளை வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாரம் ஏற்றும் கட்டைவண்டியில் வில் என்பதே கிடையாது; சக்கரக் குடத்தில் செருகிய இருசு என்னும் அச்சின்மேல் வண்டியின் உடல் நேராக அமர்ந்திருந்ததால், சக்கர விளிம்பாகிய வட்டையைச் சுற்றிய இரும்புப் பட்டை ஒரு கல்லின்மீது ஏறினால், அந்த அதிர்ச்சி முழுவதும் பாரத்தின்மீதும் வண்டிக்காரரின் முதுகெலும்பின்மீதும் குறைவின்றி இறங்கியது. நெல்லும் பருத்தியும் அதைச் சகித்துக்கொண்டன, மனிதர் சகிக்கவில்லை. ஆகவே பண்ணையக்காரர்களும் மணியக்காரர்களும் திருவிழாவுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்லச் சவாரி வண்டி வைத்துக்கொண்டபோது, அது இருசின்மேல் எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்வண்டியாக அமைந்தது. இங்கிலாந்தில் 1804ஆம் ஆண்டில் ஒபதியா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவான பட்டை வில்லைக் குதிரை வண்டிகளுக்கு அமைத்துக் காட்டிய பின்னரே இம்முறை உலகெங்கும் விரைந்து பரவியது.

பட்டை வில்லின் அருமை, அது ஒரே சமயத்தில் மூன்று ஊழியங்களைச் செய்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. பாரத்தைத் தாங்குவது ஒன்று. அச்சை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விலகாதபடி அதனிடத்தில் நிறுத்துவது மற்றொன்று. பட்டைகள் ஒன்றன்மேலொன்று உராய்வதனால் உண்டாகும் தடையைக்கொண்டு குதிப்பை விரைவில் அடக்குவது மூன்றாவது. இத்தனை காரியத்துக்கும் வேண்டுவது நல்ல எஃகும், அதைக் காய்ச்சிப் பதமிடத் தெரிந்த கையும்தான். இவ்விரண்டும் சேலம் பூமிக்குப் புதியனவல்ல. கஞ்சமலையின் இரும்புத் தாதுவை நாட்டு உலைகளில் உருக்கி எஃகு செய்த மரபு இங்கே நெடுங்காலம் வாழ்ந்தது. கும்பினி உத்தியோகஸ்தராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துத் தாதுவை நம்பியே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். எஃகு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் உரிமைப் பட்டயம் பெற்றவரும் அவரே. ஹீத்தின் ஆலை நீடிக்கவில்லை. எனினும் இரும்பைக் காய்ச்சி வளைக்கும் தொழில், பிற்காலத்தில் சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரித் தொழிலால் தேசப் பிரசித்தி அடைந்தபோது, பட்டை கட்டும் பட்டறைகளில் புத்துயிர் பெற்றது. மெயின் பட்டை முறிந்தால் மாற்றுவதும், வளைவு இழந்து தட்டையான பட்டைகளை உலையில் காய்ச்சி மீண்டும் வளைவேற்றுவதும், சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் இட்டு இறுக்குவதும் இவ்வட்டாரத்துத் தொழிலாளருக்குக் கைவந்த வித்தைகள்.

மோட்டார் வண்டி தோன்றியபோது அது குதிரை வண்டியின் வில்லை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே முழு அச்சால் இணைத்து, அந்த அச்சை இருபுறமும் நீளவாட்டில் அமைந்த பட்டை வில்களில் தொங்கவிடும் முறை, லாரிக்கு மட்டுமன்றி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் நெடுநாள் இலக்கணமாக இருந்தது. 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. என்னும் புகழ்பெற்ற திறந்த காரும் இந்த இலக்கணத்தையே அநுசரித்தது. முழு அச்சின் குணம், கார் வளைவில் எவ்வளவு சாய்ந்தாலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய நிமிர்ந்தே சாலையில் நிற்பது. அதன் தோஷம், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் அதற்குக் கட்டுப்பட்டு அசைவதும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிபரன்ஷியல் உட்பட முழுப் பளுவும் சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதும், எஞ்சினின் முறுக்கு விசையால் வில் வளைந்து துள்ளி, ஏறுவளைவில் உட்பக்கச் சக்கரம் பிடி இழந்து வெறுமனே சுழல்வதும் ஆகும்.

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட மூன்று கார்களை ஒப்புநோக்கினால், இந்தப் பிரச்சினைக்கு யந்திர சிற்பிகள் கண்ட வெவ்வேறு விடைகள் ஒருசேரத் தெரியும். அம்பாசடர் முன்சக்கரங்களைத் தனித்தனியே இயங்கவிட்டு, முறுக்குத் தண்டு என்னும் டார்ஷன் பாரால் தாங்கியது. பம்பாயில் உருவான பியட் 1100, முன்புறத்தில் கவை வடிவான இரட்டை விஷ்போன் கைகளையும் சுருள்வில்லையும் கொண்டது. இரண்டும் பின்புறத்தில் முழு அச்சையும் பட்டை வில்லையும் கைவிடவில்லை. மூன்றாவதான ஹெரால்டு ஒன்றே நான்கு சக்கரங்களையும் தனித்தனியே இயங்கவிட்டது.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம், இத்தாலிய சிற்பி ஜியோவானி மிகெலோத்தியின் வடிவத்தில் 1959இல் வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு, வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற நாமத்தோடு உருவாயிற்று. 948 சி.சி. எஞ்சின், தனியான சட்டகம், முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் அமைப்பு, ஏறக்குறைய ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்டியரிங். கொண்டை ஊசி வளைவில் பின்வாங்காமல் திரும்ப விரும்புகிறவருக்கு இந்தக் கடைசி அம்சம் ஒரு வரப்பிரசாதம். இந்தச் சட்டகத்தையே குறுக்கி, அதன்மேல் அழகியதொரு திறந்த உடலை அமைத்து, 1962இல் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை அந்நிறுவனம் வெளியிட்டது. அது மட்டுமன்று: ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கிய செங்குத்துத் தண்டு அத்துணை செம்மையாக அமைந்திருந்ததால், சஸ்பென்ஷன் சாஸ்திரத்தில் நிகரற்றவர் எனப் போற்றப்பட்ட காலின் சாப்மன், அதே 1962இல் தோன்றிய தமது லோட்டஸ் எலான் காருக்கும் டிரையம்பின் அந்த உறுப்பையே எடுத்துக்கொண்டார். ஆகவே அந்நாளில் சேலத்துக் கடைவீதியில் ஒரு டாக்டரின் ஹெரால்டு நின்றதென்றால், உலகத்துத் தலைசிறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்புற இரகசியம் அதனடியிலும் இருந்தது.

பின்புறத்தின் கதை வேறு. டிபரன்ஷியல் சட்டகத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டது. அதன்மேல் குறுக்கே ஒரே பட்டை வில் கிடத்தப்பட்டது. இருபுறமும் அரை அச்சுகள், உட்புறத்தில் மட்டும் மூட்டுப் பெற்று, ஊசலைப்போல் மேலும் கீழும் ஆடின. ஸ்விங் ஆக்ஸில் எனப்படும் இந்த ஊசலச்சு, 1903இல் எட்மண்ட் ரும்ப்ளர் உரிமைப் பட்டயம் பெற்ற பழைய முறை. வோக்ஸ்வாகன் பீட்டிலும், 1948இல் பிறந்த போர்ஷ் 356உம், 1954இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.உம் அதையே பின்பற்றின. பளு குறைவு, செலவு குறைவு, கரடுமுரடான சாலையில் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதைத் தீண்டாமை ஆகியவை அதன் நன்மைகள்.

அதன் ஆபத்தோ வேகத்தில்தான் வெளிப்படும். அரை அச்சு மூட்டைச் சுற்றி ஆடுவதால், சக்கரம் மேலோ கீழோ செல்லும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறுகிறது. நீண்ட வளைவில் கார் விரைந்து திரும்புகையில், வெளிப்புறச் சக்கரத்தின்மேல் விழும் பக்கவிசை, தரையிலிருந்து உயரத்தில் இருக்கும் அந்த மூட்டின் வழியாகக் காரின் பின்புறத்தையே மேலே தூக்குகிறது. தூக்கியதும் சக்கரம் காரின் அடியில் மடங்குகிறது. மடங்கியதும் டயரின் பிடி திடீரென்று குறைந்து, பின்புறம் வெளியே வீசப்படுகிறது. அஞ்சிய ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பளு முன்னே சரிந்து பின்புறம் இன்னும் உயர, நிலைமை மேலும் மோசமாகிறது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டின் செவ்ரலே கோர்வேர் காரை முன்னிட்டு ரால்ப் நேடர் 1965இல் எழுதிய நூல் பெரும் கிளர்ச்சியை மூட்டியது இந்த ஊசலச்சின் காரணத்தாலேயே.

நம் நாட்டில் இத்தோஷம் வேறொரு உருவமும் எடுத்தது. ஐவர் ஏறவேண்டிய காரில் எண்மர் ஏறி, கூரைமேல் மூட்டைகளும் ஏறி, குண்டும் குழியுமான பாதையில் வருஷக்கணக்காக ஓடியதன் பலனாக, குறுக்கே கிடந்த அந்த ஒற்றை வில் தொய்ந்தது. தொய்ந்ததும் பின்சக்கரங்கள் மேற்புறம் உள்ளே சாய்ந்து, அடிப்புறம் அகன்று, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தது. காலை அகட்டி நிற்கும் அந்தத் தோற்றத்தைக்கொண்டே பழைய ஹெரால்டைத் தூரத்திலிருந்து இனங்காண முடிந்தது.

ஆயினும் அந்தக் கார் பந்தயத்தில் விரும்பப்பட்டது. யுத்தகாலத்து விமான ஓடுபாதையாக இருந்த சோழவரத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு மக்கள் பெருந்திரளாகச் சென்றார்கள். அங்கே பியட்டும் ஹெரால்டும் எதிரெதிரே ஓடின. முழு அச்சின் ஸ்திரத் தன்மையும் ஊசலச்சின் இலகுவும் நம் கண்முன்னே பரீட்சிக்கப்பட்ட களம் அதுவே. அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களை இறக்குமதி செய்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், கையில் கிடைத்த குடும்பக் காரைத் தாழ்த்தியும் வில்லை இறுக்கியும் பந்தயக் காராக்கிய மெக்கானிக்குகளே இத்தேசத்து சஸ்பென்ஷன் சாஸ்திரத்தின் முதல் ஆசிரியர்கள் ஆவர். அந்தப் பரம்பரையில் வந்த கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800இன் எஞ்சினைக்கொண்டு பார்முலா மாருதி என்னும் ஒற்றையாசனப் பந்தயக் காரையே உள்நாட்டில் உருவாக்கிக் கொடுத்தார். இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை அமைந்ததும், செட்டிபாளையத்துப் பாதை கரிவரதன் பெயரைத் தாங்கியதும் சோழவரத்தில் விதைத்ததன் விளைவுகளே.

ஊசலச்சின் குறையைத் தீர்க்க மேல்நாட்டார் கைக்கொண்ட வழிகள் பல. மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் 1957இல் மூட்டைத் தாழ்த்தியது. 1961இன் ஜாகுவார் ஈ-டைப், கீழே ஒரு கையும், மேற்கையின் ஸ்தானத்தில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டையுமே வைத்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சுருள்வில்களை நிறுத்தியது. போர்ஷ் 1964இன் 911இல் ஊசலச்சைத் துறந்து, சாய்வாகப் பின்னோக்கி அமைந்த கைகளை ஏற்றது. சாப்மன் எலானின் பின்புறத்தில் உயர்ந்த சுருள்வில் தூணையும் அகன்ற கீழ்க்கையையும் இணைத்து, சக்கரம் பெரிதும் சாயாமல் நிற்கச் செய்தார். டிரையம்ப், 1968இல் ஜி.டி.6 காருக்குக் கீழ்க்கை ஒன்று சேர்த்தது. 1970இல் ஸ்பிட்பயருக்கு, பட்டை அடுக்கின் பெரும்பகுதி நடுவே இறுக்கப்படாமல் அசையும்படி செய்து, செலவு மிகாமலே ஆபத்தைத் தணித்தது.

வண்டலூர் வேறு முடிவுக்கு வந்தது. 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கசல் காரில், ஊசலச்சு முற்றும் விலக்கப்பட்டு, பழைய முழு அச்சு மீண்டும் அரியணை ஏறியது. இதைப் பின்னேற்றம் என்று இகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரிப் பட்டை கட்டும் எந்தத் தொழிலாளியும் கண்ணால் கண்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டு செப்பனிடக்கூடிய அமைப்பு முழு அச்சு. ஊசலச்சோ, வில்லின் வளைவு அற்பம் குறைந்தாலும் சக்கரத்தின் சாய்வே கெட்டு, நுட்பமான அளவையும் பக்குவமான பராமரிப்பையும் கோருவது. சாலையும் பாரமும் பட்டறையும் எப்படிப்பட்டவை என்று ஆராய்ந்து, அதற்கேற்ற விடையைத் தேர்ந்தெடுப்பது விவேகமேயன்றித் தோல்வியாகாது.

இதற்குச் சாட்சி டிரையம்பின் பிற்கால சரித்திரத்திலேயே கிடைக்கிறது. 1965இல் டி.ஆர்.4ஏ ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்புறத்தில் தனித்தியங்கும் சஸ்பென்ஷனை அளித்த அதே நிறுவனம், பத்தாண்டுகளுக்குப் பின் 1975இல் வெளியிட்ட டி.ஆர்.7இல், கைகளாலும் சுருள்வில்லாலும் தாங்கப்பட்ட முழு அச்சுக்குத் திரும்பியது. ரோவர் எஸ்.டி.1 என்னும் பெரிய விரைவுக் காரும் வாட் இணைப்பால் பக்கவாட்டு அசைவு தடுக்கப்பட்ட முழு அச்சையே கொண்டிருந்தது. 1977ஆம் வருஷத்துக்குரிய சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அந்த ரோவரே 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் வண்டலூருக்கு வந்து சேர்ந்ததும், விற்பனையில் வெற்றி காணாமல் ஆலை 1988இல் மூடப்பட்டதும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டிய செய்திகள்.

வில்வண்டி முதல் இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் வரை நோக்கும்போது, இவ்வித்தை ஒரே நேர்கோட்டில் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறிய படிக்கட்டு அன்று என்பது விளங்கும். ஒவ்வொரு அமைப்பும் ஒரு நன்மைக்காக மற்றொரு நன்மையை விட்டுக்கொடுத்தது. எதை விடலாம், எதை விடலாகாது என்பதை அதனதன் சாலையும் தொழிலாளியும் ஓட்டுநரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் அதன் திறனை அறிய விழையும் சேலத்து இளைஞர்கள், எஞ்சினின் குதிரைத்திறனை வினவுமுன், அதன் சக்கரம் எதனால் தாங்கப்படுகிறது, வளைவில் எவ்வாறு சாய்கிறது, பழுதானால் நம் ஊர்ப் பட்டறையில் யார் அதை நிமிர்த்தவல்லார் என்ற மூன்று கேள்விகளையும் முதலில் கேட்பார்களாக. வண்டலூர் ஆலை பதினோராண்டு அநுபவத்தால் கற்ற பாடத்தை அவர்கள் ஒரு பொழுதில் பெற்றுவிடலாம்.