ஞாயிற்றுக்கிழமை டைரக்டர்

சென்ற மாதம் ஒரு நாள் காலை இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் தடிமனான நோட்டுப் புத்தகம். அதில் முழு நீளத் திரைக்கதை ஒன்று எழுதி வைத்திருந்தார். திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. உதவி டைரக்டராகச் சேர்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. ஆனாலும் டைரக்டர் ஆகியே தீருவது என்று சங்கற்பம். "சார், வேலையை ராஜிநாமா செய்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பிறருடைய வயிற்றுப் பிழைப்பைப் பற்றிச் சட்டென்று வாயைத் திறக்கக் கூடாது. காப்பி கொடுத்து, "இன்னொரு நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது உபதேசம் அல்ல, சரித்திரம்.

1943-ம் வருஷம் கல்கத்தாவில் டி.ஜே.கீமர் என்ற விளம்பரக் கம்பெனியில் சத்யஜித் ராய் என்ற வாலிபர் சித்திரம் வரையும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 80 ரூபாய். சாந்திநிகேதனில் சித்திரம் பயின்றவர்; பாட்டனாரும் தகப்பனாரும் வங்காளக் குழந்தைகள் அனைவரும் அறிந்த எழுத்தாளர்கள். அந்த வீட்டுச் சொத்து எல்லோருக்கும் வாய்க்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சினிமாவை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பூனாவில் மத்திய சர்க்காரின் திரைப்படப் பள்ளி ஏற்பட்டதே 1960-ல்தான்.

ஆகவே அவர் தமக்குத் தாமே ஒரு பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டார். ஏதாவது ஒரு நாவல் படமாகப் போகிறது என்று தெரிந்தால், அதற்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைப்பார். படம் வந்ததும் போய்ப் பார்த்து, தாம் எழுதியதோடு ஒப்பிடுவார். 1947-ல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா பிலிம் சொஸைட்டியைத் தொடங்கினார். 1949-ல் பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் தம் படத்துக்கு இடம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தபோது, அவருடன் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய நூறு படங்கள் பார்த்துத் தீர்த்தார். அவற்றில் ஒன்று, தெருவிலேயே எடுக்கப்பட்ட 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படம். திரும்பி வரும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'க்குக் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு நடுவே ஒரு தோல்வியும் உண்டு. தாகூரின் 'கரே பைரே' நாவலுக்கு அவர் திரைக்கதை எழுதியிருந்தார். பட முதலாளி சில மாற்றங்கள் கேட்டார். ராய் மறுத்தார். படம் நின்றுபோயிற்று.

இந்த இடம் எனக்குச் சற்று உறுத்தும். என் நாவல் ஒன்றை ஒரு முதலாளி விலைக்குக் கேட்டபோது, மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த தாயாரைக் கடைசியில் பிழைத்து வரச் செய்யச் சொன்னார். நான் மறுக்கவில்லை, அம்மாளை எழுப்பிக் கொடுத்தேன். படம் வெளிவரவில்லை. அம்மாளும் போனாள், கதையும் போயிற்று. ராயின் பிடிவாதத்தைப் புகழ எனக்கு ஆசைதான். ஆனால் பல வருஷங்கள் கழித்து அந்தப் பழைய பிரதியைப் படித்த ராய், அது பக்குவமில்லாத எழுத்து என்றும், படமாகாமல் போனதே தம் பாக்கியம் என்றும் எழுதினார்! பிடிவாதம் அவரைப் பெரியவராக்கவில்லை. தம் எழுத்தின் குறையைத் தாமே காணும் கண்தான் ஆக்கிற்று.

அந்தக் கண்ணைப் 'பதேர் பாஞ்சாலி'யில் பார்க்கலாம். விபூதிபூஷணின் நாவலில் கிழவி இந்திர் ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறாள். ராய் அவளைக் கதையின் நடுப்பகுதி வரையில் வாழவைத்தார். குழந்தைகள் இருவரும் மூங்கில் தோப்பில் விளையாட்டாக அவளைத் தொட, கிழவி சரிந்து விழுகிறாள். மரணம் என்றால் என்னவென்று குழந்தைகளோடு நாமும் அங்கேதான் அறிகிறோம். நானும் செத்தவளை வாழவைத்தேன். அவரும் சாக வேண்டியவளைச் சற்று வாழவைத்தார். ஆனால் எதற்காக என்பதில் எத்தனை வித்தியாசம்!

1952 அக்டோபரில், ஒரு விடுமுறை நாளில், நாணல் காட்டில் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. காமிராக்காரர் சுப்ரத மித்ரா வயதில் இளையவர். அதுவரை சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், நாணல் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்ஷூரன்ஸ் பாலிஸி அடகுக்குப் போயிற்று. மனைவியின் நகைகளும் போயின. பணமின்றி மாதக்கணக்கில் வேலை நின்றது. கடைசியில் முதன் மந்திரி டாக்டர் பி.சி.ராயின் தயவால் மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்தது. இத்தனை தாமதத்திலும் பையனின் குரல் உடையவில்லை, பெண் வளர்ந்துவிடவில்லை, எண்பது வயதுக் கிழவி சாகவில்லை; இவை மூன்றும் அற்புதங்கள் என்று ராய் சொல்வதுண்டு. 1955 ஆகஸ்டில் படம் கல்கத்தாவில் வெளியாயிற்று. மறு வருஷம் கான் நகரத்துப் படவிழாவில் பரிசு பெற்றது.

இளைஞர் மறுபடியும் வந்தார். படம் வெளிவரும் வரையில் ராய் கம்பெனி வேலையை விடவில்லை என்று சொன்னேன். அவர் முகம் சற்று வாடிற்று.

"இந்த நோட்டுக்கு முன்னால் எத்தனை நோட்டு எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இதுதான் சார் முதல்."

"சந்தோஷம். பத்திரமாக வைத்திருங்கள். 'கரே பைரே'யை ராய் மறுபடி புதிதாக எழுதிப் படம் எடுத்தது 1984-ல். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போங்கள். அடுத்த ஞாயிறு இரண்டாவது நோட்டை ஆரம்பியுங்கள்."