சமத்துவத்தை அளக்கும் கோல்



"சாதி பார்ப்பீர்களா?" என்று இங்கே பிரிஞ்சாங்கில் யாரைக் கேட்டாலும், "அதெல்லாம் அந்தக் காலம், ஐயா" என்றே விடை வரும். திருமணப் பேச்சு எழும்போதுதான் சிலரது விடை மாறுகிறது. அவ்வாறாயின் மனத்தில் உள்ளதை எவ்வாறு அளப்பது?

இவ்வினாவுக்கு வரலாறு உண்டு. 1925-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எமோரி போகார்டசு 'சமூகத் தொலைவு' அளவுகோலை வெளியிட்டார். வெறுக்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. ஓர் இனத்தவரை மணவுறவில் ஏற்பீர்களா, நண்பராக, அண்டை வீட்டாராக, உடன் பணிபுரிபவராக ஏற்பீர்களா என்று ஏழு படிகளாகக் கேட்டார். 1994-இல் பெலிசியா பிராட்டோ, ஜிம் சிடேனியசு முதலிய உளவியலாளர்கள் வேறொரு கோலைத் தந்தனர். சில குழுக்கள் மேலும் சில கீழும் இருப்பதே முறை என்பன போன்ற கூற்றுகளை ஒருவர் எவ்வளவு ஏற்கிறார் என்பதை அஃது எண்ணால் அளந்தது.

நம் முன்னோரை எவரும் வினாத்தாள் கொடுத்து அளக்கவில்லை. லயத்து வீடுகளே அக்கணக்கைக் காட்டின. கங்காணிகள் தத்தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தனர். மலாயாவின் பல தோட்டங்களில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனி லயம் இருந்தது. கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்ட அதே 1929-ஆம் ஆண்டின் இறுதியில்தான் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து இதனைக் கண்டித்துப் பேசினார்.

இந்தியாவில் 2011-12-இல் 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் மனித மேம்பாட்டு ஆய்வு நடந்தது. உங்கள் வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்டனர். இல்லை என்றவரிடம், பட்டியல் சாதியினர் உங்கள் அடுக்களைக்குள் வரலாமா, பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று மீண்டும் கேட்டனர். இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தபோது 27 விழுக்காட்டுக் குடும்பங்களில் தீண்டாமை இருப்பது தெரிந்தது. முதல் வினாவோடு நிறுத்தியிருந்தால் அவர்களுள் பலர் கணக்கில் வந்திருக்கமாட்டார்கள்.

ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது இதுவே. நன்னெறிக்கல்விப் பாடத்தில் 'அனைவரும் சமம்' என்று எழுதும் மாணவனுக்கு நான் முழுப் புள்ளி வழங்குகிறேன். அது முதல் வினாவுக்கான விடை மட்டுமே. இரண்டாம் வினாவுக்கான விடையை அவன் வீட்டு அடுக்களையிலும் திருமணப் பேச்சிலும் கற்றுக்கொள்கிறான்.

எனவே பெற்றோரே, போகார்டசின் ஏழு படிகளையும் நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள். விடையை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. எந்தப் படியில் கால் தயங்குகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்; அங்கிருந்து தொடங்கலாம்.