கூரைக்குள் ஒரு மழைக்காடு: சூரிச்சிலிருந்து புங்குடுதீவு வரை

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழும் என் அக்காவின் வீட்டிற்கு ஒரு பனிக்காலத்திற் சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமையொன்றில் அவரது பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்நகரின் விலங்கியற் பூங்காவிற்குப் போயிருந்தோம். வெளியே முழங்காலளவு பனி. அங்குள்ள ‘மசோலா’ மழைக்காட்டு மண்டபத்தின் இரட்டைக் கதவுகளைக் கடந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் மறைந்துவிட்டது. அக்கா தனது கனத்த மேலங்கியைக் கழற்றிக் கையிற் போட்டுக்கொண்டு, "தம்பி, நல்லூர்த் திருவிழா நேரத்து வெக்கை மாதிரி இருக்கு" என்றார்.

அவரது மூத்த பேரன் அங்கேதான் பிறந்தவன். "அம்மம்மா, உங்கட ஊரிலையும் இப்பிடிக் காடு இருந்ததோ?" என்று கேட்டான். "இல்லையப்பன். புங்குடுதீவிலை பனையும் கிணறும்தான்" என்றார் அக்கா. பதில் சரியானதே. ஆயினும் அந்தப் பையனின் கேள்வி என்னை விடவில்லை. காட்டைக் கூரைக்குள் வளர்க்கும் இந்தக் கலைக்கும் எங்கள் நாட்டிற்கும் நெருங்கிய தொடர்பொன்று உண்டு.

மசோலா என்பது மடகாஸ்கர் தீவின் வடகிழக்கிலுள்ள ஒரு குடாநாடு. அங்குள்ள மழைக்காடு 1997இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அக்காட்டின் ஒரு துண்டைக் காட்டுவதற்காகச் சூரிச்சில் 2003இல் திறக்கப்பட்டதே இம்மண்டபம். ஏறத்தாழ 11,000 சதுர மீற்றர் பரப்பும் 30 மீற்றர் உயரமும் கொண்டது. கூரை கண்ணாடியாலானதன்று, ஒளி ஊடுருவும் மெல்லிய செயற்கைத் தாள்களுக்கிடையே காற்றை நிரப்பிய மெத்தைகளாலானது. அதன்கீழே மரங்களும் கொடிகளும் செறிந்து நிற்க, மசோலாக் காட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத செந்நிற லெமூர்கள் கூண்டின்றிக் கிளைவிட்டுக் கிளை தாவுகின்றன. தலைக்குமேல் பழந்தின்னி வௌவால்கள். குழாய்களிலிருந்து மழையும் பெய்கிறது.

இக்கலையின் தொடக்கத்தைத் தேடினால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனுக்குப் போகவேண்டும். நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர், ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் வைத்து மூடிய கண்ணாடிப் புட்டியொன்றில், 1829 அளவில், பன்னச்செடி ஒன்று தானாக முளைத்திருக்கக் கண்டார். புகைமண்டிய இலண்டனில் அவரது தோட்டத்திற் பிழைக்காத பன்னம் மூடிய புட்டிக்குள் செழித்தது. உள்ளிருந்த ஈரம் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதுதான் காரணம். அதனடிப்படையில் அவர் செய்வித்த கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் செடிகளுடன் கப்பலேறி அவுஸ்திரேலியாவின் சிட்னியை அடைந்தன, செடிகள் உயிரோடிருந்தன. அதுவரை கடற்பயணத்தில் உப்புக்காற்றிலும் நீரின்மையிலும் பெரும்பாலான கன்றுகள் மடிந்துவந்தன. ‘வார்டு பெட்டி’ அந்நிலையை மாற்றியது. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் 1844க்கும் 1848க்கும் இடையே இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்த பனை மண்டபம் அப்பெட்டியின் மாபெரும் வடிவம் எனலாம். வெப்பநாட்டுத் தாவரங்கள் அங்கே வளர்ந்தன. அருகே பூங்காவின் நாற்றுமேடைகளிலிருந்து குடியேற்ற நாடுகளுக்குக் கன்றுகள் போயின.

அவ்வாறு போன நாடுகளில் இலங்கையும் ஒன்று. தென்னமெரிக்க மலைகளிலிருந்து மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரம் 1860இல் நீலகிரிக்கும், 1861இல் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலவுக்கும் வந்தது. அடுத்தது இறப்பர். ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைக் கியூவிற்குக் கொண்டுவந்து சேர்த்தார். மிகச் சிறுபகுதியே முளைத்தது. முளைத்தவற்றுள் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் 38 வார்டு பெட்டிகளிற் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நாட்டப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு அதுவே நாற்றங்கால்.

இதற்கு முன்னரே மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டிருந்தன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தபோது, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவிற் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. எமது நாட்டின் ஈரவலய மழைக்காட்டில் எஞ்சிய பெருந்துண்டான சிங்கராஜ வனத்தை யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆக, பேரன் கேட்ட காடு எங்கள் ஊரில் இல்லாவிடினும் எங்கள் நாட்டில் இருந்தது. அதைப் பெருமளவில் இழந்தோம்.

காடு போன இடத்திற்கு மனிதர் கொண்டுவரப்பட்டனர். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை நடந்தே சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். கன்றுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவர்கள், அக்கன்றைப் பேணவந்த மனிதனுக்கு வழியில் ஒரு நிழற்குடிலைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்பதே வரலாறு. அவர்களது வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. நடப்பட்ட செடிக்கு இருந்த உரிமை நாட்டியவனுக்கு இல்லாமற் போயிற்று.

இவ்வரலாற்றை அறிந்தபின் சூரிச் மண்டபத்தையும் ஐயத்துடன் பார்க்கத் தோன்றும். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பழைய கண்ணாடி மண்டபங்கள் காட்டிலிருந்து எடுத்தன. எடுத்த இடத்திற்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இம்மண்டபத்து உணவகத்திலும் கடையிலும் கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கு மசோலாத் தேசியப் பூங்காவிற்குப் போகிறது. அந்தக் காட்டிற்கும் நெருக்கடி இல்லாமலில்லை. மசோலா உள்ளிட்ட கிழக்கு மடகாஸ்கர் மழைக்காடுகள் 2007இல் உலக மரபுரிமையாயின. 2009இன் அரசியற் குழப்பத்தைத் தொடர்ந்து கருங்காலி, செம்மரக் கொள்ளை பெருகியதால் 2010இல் ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்று, 2025இலேயே அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மூலக்காடு அழிந்துபோனால் மண்டபத்துக் காடு வெறும் நினைவுச் சின்னமே. அதை நடத்துவோர் இவ்வுண்மையை உணர்ந்திருக்கிறார்கள்.

அக்கா மரநிழலிலுள்ள வாங்கொன்றில் அமர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, இந்தக் கூரையிலை விழுகிற தண்ணி எங்கை போகுது?" என்று கேட்டார். தீவாரின் கேள்வி! கூரையில் விழும் மழைநீரைச் சேகரித்து உள்ளே செடிகளுக்கு மழையாகப் பெய்விக்கிறார்கள் என்றேன். "அப்ப புத்திசாலியள்தான்" என்றார்.

புங்கை மரங்கள் செறிந்திருந்ததால் புங்குடுதீவு எனப் பெயர் வந்தது என்பர். ஆறில்லாத மண், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். நிலத்தடி நன்னீர், கடல்நீரின்மேல் மெல்லிய ஆடைபோலப் படர்ந்திருப்பது. அளவுமீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். ஆகவே ஊரவர் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் வணிகஞ் செய்து பொருளீட்டி, ஊரில் வீடு கட்டினர். வாணர் தாம்போதி வேலணையோடு இணைத்தபின் ஊர் மேலும் வளர்ந்தது. 1991இல் இராணுவம் தீவைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டவர் சிலர். கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், பிரித்தானியா எனப் பரந்தவர் பலர்.

போர் முடிந்த பின்னர் குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியில் எங்கள் பழைய வீட்டைப் பார்க்க இறங்கினேன். ஓடுகளும் வளைகளும் இல்லை. அக்கா பிறந்த அறையின் நடுவே ஒரு வேம்பு, சுவரைவிட உயரமாக நின்றது. சூரிச்சிற் காட்டின்மேல் கூரை. புங்குடுதீவிற் கூரையிழந்த வீட்டினுள் காடு. இதனை அன்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும். படத்தை நான்தான் அனுப்பியிருந்தேன்.

குறிகட்டுவானிலிருந்து படகேறினால் நெடுந்தீவு. அங்கே கடல்கடந்து வந்த பெருக்குமரம் ஒன்று நிற்கிறது. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பது வழக்கு. அம்மரக்குலத்தின் பிறப்பிடம் மடகாஸ்கர் என 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்று கூறுகிறது. எனவே பெயர்த்து நடப்பட்டதெல்லாம் பட்டுப்போகும் என்று நான் அஞ்சவில்லை. அக்காவின் பேரர் அந்நாட்டில் வேரூன்றிவிட்டனர், அது நல்லதே. ஆனால் வேரூன்றியவர்கள் மூலக்காட்டிற்கு என்ன அனுப்புகிறார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. எமது ஊர்ச் சங்கங்கள் கோயிற் கோபுரங்களுக்கு அள்ளிக் கொடுத்தவை. கிணறு தூர்வாரவும், குளம் திருத்தவும், பள்ளிக் கூரைகளில் மழைநீர்த் தொட்டி அமைக்கவும் அதே கை நீளவேண்டும்.

வெளியே வந்தபோது மீண்டும் பனி பெய்துகொண்டிருந்தது. அக்கா மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டியபடி, "எங்கட வீட்டுக்கு ஒரு கூரை போட்டால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். ஆர் இருக்கப்போகினம் என்றேன். "ஒருத்தரும் இல்லாட்டிலும் தண்ணி பிடிக்கலாமே" என்றார்.