ஸ்வாப் கோப்பும் கோப்பு முறைமைகளும்: ஆதரவைச் சோதிக்கும் முறை பற்றி ஓர் ஆய்வு

லினக்ஸ் கர்னலில் நினைவகம் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, சில காலமாகத் தொடப்படாத பக்கங்கள் வட்டுக்கு அனுப்பப்படுகின்றன. அவை போய்ச் சேரும் இடம் தனி வட்டுப் பிரிவாக இருக்கலாம். ஏற்கெனவே உள்ள கோப்பு முறைமைக்குள் ஒரு கோப்பாகவும் இருக்கலாம். இரண்டாவதற்கே ஸ்வாப் கோப்பு என்று பெயர். வட்டை மறுபடி பிரிக்காமல் வேண்டிய அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் முடிவதால் இதன் புழக்கம் பெருகியுள்ளது. உபுண்டு 17.04 முதல் வழக்கமான புதிய நிறுவல்களில் ஸ்வாப் பிரிவுக்குப் பதில் ஸ்வாப் கோப்பே உருவாகிறது.

வட்டுப் பிரிவில் கர்னலுக்கும் வட்டுக்கும் இடையே யாரும் இல்லை. கோப்பு என்றால் கோப்பு முறைமை குறுக்கே வருகிறது. ஸ்வாப்பை இயக்கும் நேரத்தில் கர்னலின் நினைவக மேலாண்மைப் பகுதி, கோப்பின் ஒவ்வொரு பக்கமும் வட்டில் எந்த பிளாக்கில் இருக்கிறது என்று கோப்பு முறைமையிடம் ஒரே ஒரு முறை கேட்டு, விடையைப் பட்டியலாக வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு கோப்பு முறைமையைக் கேட்காமல் நேராக வட்டில் எழுதுகிறது, நேராகப் படிக்கிறது. 2.6 கர்னல் வரிசை முதல் நடைமுறை இதுதான். இதற்கு வலுவான காரணம் உண்டு. நினைவகம் தீர்ந்துகொண்டிருக்கும் வேளையில் கோப்பு முறைமையின் நிரலை ஓட்டினால், அதுவும் தன் பங்குக்கு நினைவகம் கேட்கும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கிப்போகும். ஆகவே ஸ்வாப் இயங்கும் வரை அந்தக் கோப்பின் பிளாக்குகள் இடம் மாறக் கூடாது, வேறு கோப்போடு பகிரப்படக் கூடாது, இடையில் வெற்றிடம் இருக்கக் கூடாது. இந்த வாக்குறுதியைக் கொடுக்க முடிந்த கோப்பு முறைமையே ஸ்வாப் கோப்பை ஆதரிக்கிறது என்று சொல்லத் தகும்.

வழக்கமான சோதனைகள் இந்த வாக்குறுதியைச் சோதிப்பதில்லை. ஒரு கோப்பை உருவாக்கி, ‘எம்கேஸ்வாப்’ கட்டளையால் தலைப்பு எழுதி, ‘ஸ்வாப்ஆன்’ கட்டளையைக் கொடுத்து, அது வென்றால் ஆதரவு உண்டு, தோற்றால் இல்லை என்று முடித்துவிடுகின்றன. வெற்றி, தோல்வி இரண்டுமே அந்த முடிவைத் தாங்கப் போதுமானவை அல்ல.

ஈஎக்ஸ்டி2, 3, 4 குடும்பம் எந்தப் பக்கம் எந்த பிளாக்கில் என்ற கர்னலின் கேள்விக்குப் பழைய ‘பிமேப்’ அழைப்பின் வழியாகவே நெடுங்காலம் விடை சொல்லிவந்தது. கோப்பில் ஓர் இடத்தைச் சொன்னால் அதன் பிளாக் எண்ணைத் தருவது பிமேப். பூஜ்யம் வந்தால் அங்கே வெற்றிடம் என்று பொருள். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இந்தப் பூஜ்யத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிளாக்குகளைப் பகிரும் கோப்புகளுக்கு அது வேண்டுமென்றே பூஜ்யம் தந்து, ஸ்வாப் அமைப்பைத் தள்ளி நிறுத்தியது. ‘எஃப்அலகேட்’ கட்டளையால் இடம் மட்டும் ஒதுக்கி, எதுவும் எழுதாமல் விட்ட கோப்பையும் பழைய எக்ஸ்எஃப்எஸ் ஏற்கவில்லை. 4.18 கர்னலில் இந்தப் பணி ‘ஐயோமேப்’ என்ற புதிய அடுக்குக்கு மாறியபின் அதே கோப்பு ஏற்கப்பட்டது. எனவே 4.17இல் தோற்று 4.18இல் வெல்லும் ஒரு சோதனை, கோப்பு உருவான விதத்தைக் குறித்து வைக்காவிட்டால், எதைக் காட்டுகிறது என்றே சொல்ல முடியாது. ‘டிடி’ கட்டளையால் முழுக்கப் பூஜ்யம் எழுதி உருவாக்கிய கோப்பு இரண்டு பதிப்புகளிலும் வேலை செய்திருக்கும்.

பிடிஆர்எஃப்எஸ் இவ்விஷயத்தில் தனித்துப் பேசப்பட வேண்டியது. அதன் அடிப்படையே எழுதும்போதெல்லாம் புது இடத்தில் எழுதுவது. அதாவது, பிளாக்குகள் இடம் மாறுவதுதான் அதன் இயல்பு. ஸ்வாப் கேட்கும் வாக்குறுதிக்கு நேர் எதிர். 2019 மார்ச்சில் வந்த 5.0 கர்னல் வரை அதில் ஸ்வாப் கோப்புக்கு இடமில்லை. அதன்பிறகும் ஆதரவு நிபந்தனைகளோடுதான் வந்தது: கோப்புக்குப் புது இடத்தில் எழுதும் பழக்கம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், சுருக்கப்பட்டிருக்கக் கூடாது, முழுவதும் ஒதுக்கப்பட்டு, ஒரே வட்டில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அணைக்கும் பண்பை, கோப்பு வெறுமையாக இருக்கும்போதே ஏற்றியாக வேண்டும். எழுதிய பின் ஏற்றினால் பயன் இல்லை. அந்தப் பண்போடு தரவின் சரிபார்ப்புத் தொகையும் போய்விடுகிறது என்பதைச் சோதிப்பவர் மறக்கக் கூடாது: வட்டில் தரவு கெட்டாலும் கோப்பு முறைமை சொல்லாது. ஸ்வாப் இயங்கும்போது, கோப்பு இருக்கும் துணைத் தொகுதியை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. பிடிஆர்எஃப்எஸ் கருவிகளின் 6.1 பதிப்பில் வந்த ‘எம்கேஸ்வாப்ஃபைல்’ துணைக் கட்டளை, கோப்பை உருவாக்கும் படிகளைச் சரியான வரிசையில் தானே செய்துவிடுகிறது. சோதனைக்கு இது வசதிதான். ஆனால் அதை மட்டும் பயன்படுத்தினால் பயனர்கள் கையால் செய்யும் தவறான வரிசைகள் சோதிக்கப்படாமலே போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஃப்2எஃப்எஸ்ஸும் பிளாக்குகளை நகர்த்தும் இனம். ஸ்வாப் கோப்பை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தும் ஏற்பாட்டோடு ஆதரவு தருகிறது. விஃபேட் பிமேப் உள்ளதால் வேலை செய்கிறது. ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. டெம்ப்எஃப்எஸ் நினைவகத்திலேயே இருப்பதால் அங்கே ஸ்வாப் கோப்புக்குப் பொருளே இல்லை. இது அற்பமாகத் தோன்றினாலும், பல விநியோகங்களில் தற்காலிகக் கோப்புறை டெம்ப்எஃப்எஸ்ஸில் இருப்பதால், அங்கே ஓடும் சோதனை தான் குறிவைத்த கோப்பு முறைமையைத் தொடாமலே தோல்வி காட்டும். என்எஃப்எஸ்ஸில் வட்டே தொலைவில் இருப்பதால் பிளாக் எண் என்ற பேச்சே எழாது. 3.6 கர்னலில் அதற்காகவே, ஸ்வாப் இயங்கத் தொடங்குவதையும் நிற்பதையும் கோப்பு முறைமைக்குத் தெரிவிக்கும் தனி அழைப்புகள் சேர்க்கப்பட்டன. பிடிஆர்எஃப்எஸ்ஸின் ஆதரவும் எக்ஸ்எஃப்எஸ்ஸின் புதிய வழியும் பின்னாளில் அதே அழைப்புகளின் மேல்தான் எழுந்தன.

இனி தோல்வியைப் பார்க்கலாம். ஸ்வாப்ஆன் தோற்கும்போது பெரும்பாலும் திரும்புவது 22ஆம் எண் பிழை, அதாவது ‘செல்லாத அளவுரு’. தலைப்பில் ‘ஸ்வாப்ஸ்பேஸ்2’ என்ற பத்து எழுத்துக் குறி இல்லாவிட்டாலும் 22. கோப்பில் வெற்றிடம் இருந்தாலும் 22. பிடிஆர்எஃப்எஸ்ஸில் பண்பு ஏற்ற மறந்தாலும் 22. கோப்பு முறைமைக்கு ஆதரவே இல்லாவிட்டாலும் அதே 22. உண்மையான காரணம் கர்னல் பதிவில் ஒரு வரியாகத்தான் கிடைக்கிறது. ஆகவே 22ஐக் கண்டதும் ‘இங்கே ஆதரவு இல்லை, சோதனை தவிர்க்கப்பட்டது’ என்று எழுதும் நிரல், நேற்று வரை வேலை செய்த ஈஎக்ஸ்டி4 இன்று உடைந்தாலும் அதையே எழுதும். அறிக்கையில் தவிர்ப்பு எண்ணிக்கை ஒன்று கூடும்; யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சோதிக்கப்படும் பொருளின் விடையையே எதிர்பார்ப்பாகக் கொள்ளும் சோதனை தோற்க வழியே இல்லை.

லினக்ஸ் டெஸ்ட் பிராஜெக்ட் தன் ஸ்வாப் நூலகத்தில் இதற்குக் கொண்டிருக்கும் தீர்வு சரியானது. ஆதரவு உள்ளதாக அறியப்பட்ட கோப்பு முறைமைகளின் பட்டியல் நிரலிலேயே எழுதப்பட்டுள்ளது; பட்டியலில் உள்ள ஒன்றில் ஸ்வாப்ஆன் தோற்றால் அது தோல்வியாகவே பதிவாகிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் கர்னல் 5.0க்கு முந்தையதா என்ற கேள்வி கூடுதல். பட்டியல் பழசாகிப்போகும், நிறுவனங்கள் தங்கள் பழைய கர்னல்களில் புதிய வசதிகளைப் பின்னோக்கிச் சேர்ப்பதால் பதிப்பு எண் ஏமாற்றும் என்ற மறுப்பு எழலாம். மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஏமாற்றம் ஒரே பக்கம்தான் சாய்கிறது: பழைய எண்ணில் புதிய வசதி இருக்கலாம், புதிய எண்ணில் பழைய வசதி காணாமல் போகக் கூடாது. எனவே எண் குறைவாக இருந்து ஸ்வாப்ஆன் வென்றால் வெற்றியென்றே கொள்ளலாம். எண் போதுமானதாக இருந்து தோற்றால் விடக் கூடாது. பட்டியலைப் புதுப்பிக்கும் உழைப்பு, மறைந்துபோன ஒரு பிழையைப் பின்னர் தேடும் உழைப்பைவிட மிகக் குறைவு.

வெற்றியும் இதே அளவுக்கு ஐயத்துக்குரியது. ஒரு பக்கத்துக்குரிய பிளாக்குகள் வட்டில் தொடர்ச்சியாகவும் பக்க எல்லையில் தொடங்கியும் இருக்க வேண்டும். இல்லாதவற்றைக் கர்னல் ஓசையின்றித் தாண்டிச் செல்கிறது. 4 கேபி பக்கமும் 4 கேபி பிளாக்கும் உள்ள கணினியில் இது தெரியாது. 64 கேபி பக்கம் கொண்ட ஆர்ம் அல்லது பவர் கணினியில் ஒரு பக்கத்துக்கு 16 பிளாக்குகள் சேர்ந்து அமைய வேண்டும். துண்டுபட்ட கோப்பில் ஸ்வாப் அளவு குறைந்தே இயங்கும். ‘பிராக் ஸ்வாப்ஸ்’ கோப்பில் தெரியும் அளவை, எம்கேஸ்வாப் எழுதிய அளவோடு ஒப்பிட்டால்தான் இது வெளிப்படும். குறைந்தது பத்துப் பக்கம் வேண்டும் என்ற எம்கேஸ்வாப் விதியும் பக்க அளவோடு வளர்கிறது: 4 கேபி பக்கத்தில் 40 கேபி, 64 கேபி பக்கத்தில் 640 கேபி. எதிர்த் திசைப் பிழையும் நிகழ்ந்திருக்கிறது. தலைப்பில் சொன்ன அளவைவிடக் கோப்பு பெரிதாக இருந்தபோது, ஐயோமேப் அடுக்கு தலைப்பை மீறிக் கூடுதல் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டது. சிறிய அளவுக்கு ஒதுக்கிய அட்டவணைக்கு வெளியே கர்னல் கை வைத்தது. அதை மறுபடி வரவிடாமல் காக்க எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் 643ஆம் பொதுச் சோதனை இருக்கிறது. ஸ்வாப்ஆன் வென்றதை மட்டும் பார்த்த எந்தச் சோதனையும் இதைப் பிடித்திருக்காது.

அதே தொகுப்பு இயங்கும் ஸ்வாப் கோப்பின் பாதுகாப்பையும் சோதிக்கிறது: எழுத முயன்றால் மறுக்கிறதா, துண்டிக்க முயன்றால், வெற்றிடம் குத்த முயன்றால், பிளாக்குகளைப் பகிர முயன்றால் மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் அதில் உள்ளன. வாக்குறுதியை நேராகத் தொடும் சோதனைகள் இவையே. ஒரு கோப்பு முறைமை ஸ்வாப்பை இயக்க அனுமதித்துவிட்டு அதே கோப்பைத் துண்டிக்கவும் அனுமதித்தால், விடுபட்ட பிளாக்குகள் வேறொரு கோப்புக்குப் போகும். கர்னல் அங்கே நினைவகப் பக்கங்களை எழுதிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, தரவு உண்மையில் போய்த் திரும்புகிறதா என்ற சோதனை. இங்கே சோதிப்பவரை ஏமாற்றுவது பெரும்பாலும் இசட்ஸ்வாப். அது இயங்கினால் வெளியேறும் பக்கங்கள் சுருக்கப்பட்டு நினைவகத்திலேயே தங்கிவிடும். ஸ்வாப் கோப்பில் ஒரு பைட்கூட விழாமல் சோதனை தேறிவிடும். அதை அணைத்து, கணினியில் உள்ள பிற ஸ்வாப்களை நிறுத்தி அல்லது சோதனைக் கோப்புக்கு உயர்ந்த முன்னுரிமை தந்து, அறிந்த அமைப்பில் நிரப்பிய நினைவகத்தை 5.4 முதல் உள்ள ‘பேஜ்அவுட்’ அறிவுரை அழைப்பால் வெளியே தள்ளலாம். ‘விஎம்ஸ்டாட்’ கோப்பில் வெளியேறிய பக்கங்களின் கணக்கு ஏறியதை உறுதிசெய்த பின் நினைவகத்தைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். கணக்கு ஏறாமல் தரவு சரியாக இருந்தால், கோப்பு முறைமையைப் பற்றி எதுவும் நிறுவப்படவில்லை.

ஸ்வாப் சோதனைகளைப் பராமரிப்போர் தங்கள் நிரலில் 22ஆம் எண்ணைத் தவிர்ப்பாக மாற்றும் வரிகளை முதலில் தேடி எடுத்து, அவற்றின் இடத்தில் எதிர்பார்ப்புப் பட்டியலை வைக்க வேண்டும். ஒவ்வொரு முடிவோடும் கர்னல் பதிப்பு, பக்க அளவு, பிளாக் அளவு, கோப்பு உருவான விதம், கர்னல் பதிவின் வரி ஆகிய ஐந்தும் சேர்ந்தே பதிவாக வேண்டும்.