மேட்ச் ஃபிக்சிங் (சர்வதேச கிரிக்கெட்)

ஓர் ஆட்டத்தின் முடிவையோ அதில் ஒரு துண்டையோ பணத்துக்காக முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுவது மேட்ச் ஃபிக்சிங். தமிழ்நாட்டு நாளிதழ்கள் இதைக் 'கிரிக்கெட் சூதாட்டம்' என்று எழுதுகின்றன. ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதற்கும் அவை அதே சொல்லைத்தான் போடுகின்றன. பந்தயம் கட்டுகிறவர் என்ன நடக்கும் என்று ஊகிக்கிறார். ஃபிக்சிங்கில் நடக்கப்போவது விலைக்கு வாங்கப்பட்டுவிடுகிறது. இலங்கைத் தமிழ் இதழ்கள் எழுதும் 'ஆட்ட நிர்ணயம்' இதைவிடத் துல்லியமான சொல்.

முடிவையே மாற்ற வேண்டுமானால் பல பேரை வளைக்க வேண்டும். ஒரு ஓவரையோ ஒரு பேட்ஸ்மேனின் ரன் கணக்கையோ மட்டும் வாங்குவதற்கு ஓரிருவர் போதும். இதற்கு ஸ்பாட் ஃபிக்சிங் என்று பெயர். பந்தயச் சந்தையில் வெற்றி தோல்வி மட்டுமல்ல, முதல் பத்து ஓவரில் எத்தனை ரன், டாஸ் யாருக்கு என்பதற்கெல்லாம் தனித்தனி விலை உண்டு. இந்தியாவில் இந்த வியாபாரம் பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பானது. ரசீதும் ஒப்பந்தமும் இல்லாமல், தொலைபேசியில் வாய்ச்சொல்லை நம்பி நடக்கிறது. பந்தயம் ஏற்கும் புக்கிகளும் அவர்களின் தரகர்களும் வீரர்களை நெருங்கும் வழிகளைக் கணக்குப் புத்தகங்களில் தேட முடியாததற்கு இதுவே காரணம்.

வீரர்களிடம் ஆரம்பத்தில் கேட்கப்படுவது மிகச் சின்ன உதவிதான். 1994இல் கொழும்பில் 'ஜான்' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் ஆஸ்திரேலிய வீரர்கள் ஷேன் வார்னுக்கும் மார்க் வாவுக்கும் ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்தார். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் வானிலையும் பிட்ச்சின் நிலையும். ஆஸ்திரேலிய வாரியத்துக்கு இது தெரியவந்ததும் 1995இல் இருவருக்கும் அபராதம் விதித்து, விஷயத்தை அப்படியே மூடிவிட்டது. 1998 அக்டோபரில் பாகிஸ்தானின் மேட்ச் ஃபிக்சிங் விசாரணைக்காக லாகூரில் அந்நாட்டு வீரர் சலீம் மாலிக்குக்கு எதிராகச் சாட்சி சொன்ன மார்க் வா, தன் கதையைச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில்தான் பத்திரிகைகள் வழியாக அது வெளியே வந்தது.

நாக்பூர், 2000

2000 ஏப்ரல் 7 அன்று டெல்லி போலீசார் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியே மீது வழக்குப் பதிந்திருப்பதாக அறிவித்தார்கள். லண்டனில் வசித்த தரகர் சஞ்சீவ் சாவ்லாவுடன் அவர் பேசிய பேச்சு தங்களிடம் பதிவாகியிருக்கிறது என்றார்கள். பக்திமான், ஒழுக்கசீலர் என்று ஊரே மெச்சிய மனிதர் அவர். தென்னாப்பிரிக்காவில் யாரும் நம்பவில்லை, குரோனியேயும் மறுத்தார். ஏப்ரல் 11 அதிகாலை மூன்று மணி வாக்கில் கிரிக்கெட் வாரியத் தலைமை நிர்வாகி அலி பேக்கரைத் தொலைபேசியில் அழைத்து, தான் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கேப்டவுனில் நீதிபதி எட்வின் கிங் தலைமையில் ஜூன் மாதம் தொடங்கிய விசாரணையில் நாக்பூர் ஆட்டத்தின் கதை வெளிவந்தது. மார்ச் 19, இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரின் ஐந்தாவது ஆட்டம். காலையில் குரோனியே, பேட்ஸ்மேன் ஹெர்ஷல் கிப்ஸ் தங்கியிருந்த அறைக்குச் சிரித்த முகத்தோடு வந்தார். கிப்ஸ் 20 ரன்னுக்குள் ஆட்டமிழந்தால் 15,000 டாலர். வேகப்பந்து வீச்சாளர் ஹென்றி வில்லியம்ஸ் தன் பத்து ஓவரில் 50 ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுத்தால் அவருக்கும் அதே தொகை. இருவரும் சம்மதித்தார்கள். ஆனால் களத்தில் இறங்கிய கிப்ஸ் 53 பந்தில் 74 ரன் விளாசினார். வில்லியம்ஸ் பதினோரு பந்து வீசியதும் தோள்பட்டை வலியோடு வெளியேறினார். தென்னாப்பிரிக்கா 320 ரன் குவித்துப் பத்து ரன் வித்தியாசத்தில் வென்றது. பேசியபடி ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்ட குற்றத்துக்காக இருவருக்கும் ஆறு மாதத் தடையும் அபராதமும் கிடைத்தன.

தரகரிடம் குரோனியே சொன்ன விலை ஆளுக்கு 25,000 டாலர். இடையில் இருந்த பத்தாயிரத்தைத் தானே வைத்துக்கொள்வது அவர் திட்டம். நாக்பூரில் அவர் அணுகிய இந்த இருவரும் வெள்ளையரல்லாதவர்கள். நிறவெறிக் காலம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஓர் அணியில், தங்கள் இடத்தைப் பற்றி நிம்மதியாக இருக்க முடியாதவர்கள். மேட்ச் ஃபிக்சிங்கைப் பேராசைக் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அணியில் யார் இருப்பது என்பதில் சொல்லுக்கு எடை உள்ள ஒருவர் கேட்கும்போது, அந்தக் கேள்வியே பாதி கட்டளை ஆகிவிடுகிறது.

அதே ஆண்டு ஜனவரியில் செஞ்சூரியனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டில் மூன்று நாள் ஆட்டம் மழையில் போனது. இரு அணிகளும் ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து, கடைசி நாளில் இங்கிலாந்துக்கு 249 ரன் இலக்கு வைக்கலாம் என்று குரோனியே யோசனை சொன்னார். இங்கிலாந்து இரண்டு விக்கெட் மீதமிருக்க வென்றது. துணிச்சலான கேப்டன் என்று பலர் பாராட்டினார்கள். அந்த யோசனைக்குப் பின்னாலிருந்தவர் பந்தயத் தரகர் மார்லன் ஆரன்ஸ்டம். அவரிடம் குரோனியே வாங்கியது 50,000 ரேண்டுக்குச் சற்று மேலும் ஒரு தோல் ஜாக்கெட்டும்.

2000 அக்டோபரில் குரோனியேவுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2002 ஜூன் 1 அன்று விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 32.

2000ஆம் ஆண்டே தடைகளின் ஆண்டாக இருந்தது. பாகிஸ்தானில் அந்த லாகூர் விசாரணையை நடத்திய நீதிபதி கய்யூமின் அறிக்கையை அடுத்து சலீம் மாலிக்குக்கு வாழ்நாள் தடை வந்தது. சிபிஐ அறிக்கையை அடுத்து இந்திய வாரியம் முன்னாள் கேப்டன் முகமது அசாருதீனுக்கு வாழ்நாள் தடை விதித்தது. தொண்ணூற்றொன்பது டெஸ்ட்டுடன் அவர் ஆட்டம் நின்றது. கடைசி டெஸ்ட்டில் அவர் சதம் அடித்திருந்தார். 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்றது. லண்டன் மாநகர போலீஸ் ஆணையராக இருந்த பால் காண்டன் தலைமையில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஊழல் தடுப்புப் பிரிவைத் தொடங்கியதும் 2000இல்தான்.

லார்ட்ஸ், 2010

பத்தாண்டு கழித்து அதே கதை வேறு ஆட்களோடு திரும்பியது. ஆகஸ்ட் மாதம் நடந்த லார்ட்ஸ் டெஸ்ட்டில் பாகிஸ்தானின் முகமது ஆமிர் இரண்டு, முகமது ஆசிஃப் ஒன்று என மூன்று நோபால்கள் போட்டார்கள். ஆமிரின் முன்கால் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் ஊன்றியதை நேரலையில் பார்த்தவர்களே வியந்தார்கள். எந்தப் பந்தில் நோபால் வரும் என்பதை, வீரர்களின் முகவர் மஜர் மஜீத் முன்னதாகவே மாறுவேடத்தில் வந்த 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' நிருபரிடம் சொல்லியிருந்தார். கைமாறிய தொகை ஒன்றரை லட்சம் பவுண்டு. அந்த நோபால்களின் மேல் யாரும் பெரிய பந்தயம் கட்டியிருக்கவில்லை. வீரர்கள் தன் பிடியில் இருக்கிறார்கள் என்று மஜீத் காட்டிய சாம்பிள் சரக்குதான் அவை.

ஆமிருக்கு அப்போது வயது 18. அதே இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். இந்த ஏற்பாட்டில் பங்கு கொண்ட கேப்டன் சல்மான் பட். லண்டன் சவுத்வார்க் நீதிமன்றம் 2011 நவம்பரில் மஜீதுக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதம், பட்டுக்கு இரண்டரை ஆண்டு, ஆசிஃபுக்கு ஓராண்டு, ஆமிருக்கு ஆறு மாதம் சிறைத் தண்டனை விதித்தது. ஐந்தாண்டுத் தடை முடிந்து ஆமிர் 2016இல் அதே லார்ட்ஸில் டெஸ்ட் ஆடினார்.

இருபது ஓவர் லீக்குகள் பெருகிய பிறகு தரகர்கள் வரும் வழியும் மாறியது. சம்பளம் குறைந்த சிறிய வாரியங்களின் வீரர்களிடம் அவர்கள் விளம்பர ஒப்பந்தம், புது லீக் என்ற பேச்சோடு வருகிறார்கள். ஜிம்பாப்வேயின் பிரெண்டன் டெய்லர் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு தொழிலதிபரின் அழைப்பின் பேரில் இந்தியாவுக்குப் போனதாகவும், விருந்தில் போதைப்பொருள் பயன்படுத்தியதை வீடியோ எடுத்துக் காட்டி மிரட்டி 15,000 டாலரைக் கையில் திணித்ததாகவும் எழுதினார். உடனே புகார் செய்யாததற்காக அவருக்கு மூன்றரை ஆண்டுத் தடை. வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன் 2019இல் தடைக்கு உள்ளானதும் அணுகியவரைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததற்காகத்தான். இன்றைய விதியின்படி மௌனமும் குற்றம்.

சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 ஐபிஎல் தொடர்களில் ஆடாததை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அணியோடு தொடர்புடைய ஒருவர் பந்தயம் கட்டியதற்காக லோதா குழு விதித்த தடை அது. மேலே சொன்ன சொற்குழப்பம் இங்கும் வேலை செய்கிறது.

சட்டம்

இலங்கை நாடாளுமன்றம் 2019 நவம்பரில் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கிப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்தது. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. சஞ்சீவ் சாவ்லாவை லண்டனிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரவே 2020 பிப்ரவரி வரை ஆயிற்று. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தபோது, மேட்ச் ஃபிக்சிங் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் வரும் மோசடி ஆகாது என்றது. டிக்கெட்டுக்கான பணத்தை ரசிகர்கள் தாங்களாகவே விரும்பிக் கொடுக்கிறார்கள் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.